அணு உலையின் அன்றாடக் காவல்

‘உலை’ என்னும் சொல் நம் மொழியில் மிகப் பழமையானது. இல்லத்தில் அரிசி இடுவதற்காகக் கொதிக்க வைக்கும் நீரும் உலை; ஊர்க்கோடியில் கொல்லன் துருத்தி ஊதி இரும்பைப் பழுக்கக் காய்ச்சும் இடமும் உலை. இவ்விரண்டையும் கையாண்டவர்கள் ஓர் உண்மையை நன்கு அறிவார்கள். உலையை மூட்டுவது சிறிது நேர வேலை. அதைப் பொங்கவும் விடாமல், அவியவும் விடாமல், வேண்டிய அளவில் வேண்டிய நேரம் வரை காத்து நிற்பதே பெரிய வேலை. இருபதாம் நூற்றாண்டில் இச்சொல்லுக்கு மூன்றாவது பொருள் ஒன்று வந்து சேர்ந்தது. அதுவே அணு உலை. பொருள் புதிதாயினும், மேற்சொன்ன உண்மை மட்டும் மாறவில்லை.

அணு உலைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவை முதன்முதலில் இயங்கத் தொடங்கிய நாளோடு நின்றுவிடுகின்றனர். அன்று கூடியிருந்த விஞ்ஞானிகளின் பெயர்கள் ஏட்டில் ஏறுகின்றன. மறுநாள் காலையில் வந்து கதவைத் திறந்தவர் யார், நீரின் மட்டத்தை அளந்தவர் யார், பத்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள் அவ்வேலையைச் சலியாது செய்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அந்த மறுநாட்களின் வரலாற்றையே இன்று சிறிது காண்போம். குறிப்பாக, பல்கலைக்கழகங்களில் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் என அமைந்த சிறு அணு உலைகளை எடுத்துக்கொள்வோம்.

உலகின் முதல் அணு உலையே ஒரு பல்கலைக்கழகத்தில்தான் அமைந்தது. அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்குப் படிக்கட்டுகளுக்கு அடியில், 1942-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், இத்தாலிய விஞ்ஞானி என்ரிகோ பெர்மியின் தலைமையில் அது இயங்கத் தொடங்கியது. கிராபைட்டுக் கட்டிகளையும் யுரேனியத்தையும் 57 அடுக்குகளாக அடுக்கிய அந்தக் குவியல், அன்று அரை வாட் ஆற்றலையே வெளிப்படுத்திற்று. ஒரு சிறு கைவிளக்கு எரியக்கூட அது போதாது. ஆயினும் அந்த அரை வாட்டுக்காக அங்கே செய்யப்பட்டிருந்த காவலைப் பாருங்கள். அவசரத்தில் உலையினுள் விழ வேண்டிய தண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அக்கயிற்றை வெட்டுவதற்குக் கையில் கோடரியுடன் நார்மன் ஹில்பெரி என்ற விஞ்ஞானி நின்றிருந்தார். அதுவும் பயன்படாவிட்டால் காட்மியக் கரைசலைக் கொட்டி உலையை அவிப்பதற்கு மூன்று பேர் குவியலின் மேலே காத்திருந்தனர்.

அன்று முற்பகலில் ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. அளவுமானிகள் மெல்ல உயர்ந்துகொண்டிருந்த வேளையில், திடீரெனப் பேரொலியுடன் பாதுகாப்புத் தண்டு தானாகவே உலையினுள் விழுந்தது. அபாயம் ஒன்றும் இல்லை. அத்தண்டு விழ வேண்டிய அளவை மிகக் குறைவாகக் குறித்துவிட்டிருந்தனர். அங்கிருந்தோர் அனைவரும் வரலாற்றுச் சிறப்பு மிக்க கணத்தை எதிர்நோக்கியிருந்தனர். பெர்மியோ சிறிதும் பதற்றமின்றி, எல்லோரும் உணவருந்திவிட்டு வரலாம் என்று சொல்லிவிட்டார். தண்டுகள் யாவும் உள்ளே தள்ளிப் பூட்டப்பெற்றன. பிற்பகலில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் அடியாகக் கணக்கிட்டு முன்சென்றனர். அவசரத்துக்கு இடம் கொடாத இந்த ஒழுங்கே பின்வந்த உலைகள் அனைத்துக்கும் முதற்பாடமாயிற்று.

சிக்காகோ உலை போர்க்கால இரகசியமாகப் பிறந்தது. இரகசியம் இன்றி, மாணவர் கற்பதற்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தில் எழுந்த முதல் உலை, வட கரோலினா மாநிலத்தில் ராலே நகரில் உள்ள கல்லூரியில் அமைந்தது. கிளிப்போர்டு பெக் என்ற பௌதிகப் பேராசிரியர் இதற்குத் தலைமை தாங்கினார். 1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் அது இயங்கத் தொடங்கியது. அதன் எரிபொருள் திடப் பொருளன்று. யுரேனிய உப்பை நீரில் கரைத்த கரைசல். அக்கரைசலை ஓர் உலோகக் கலத்தில் நிரப்பி, அக்கலத்தையே உலையாக்கினர். எண்ணம் எளியது, அமைப்பும் சிறியது. ஆனால் யுரேனியக் கரைசல் தான் இருந்த கலத்தையே மெல்ல மெல்ல அரித்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே கசிவு தோன்றி, அவ்வுலையை நிறுத்த வேண்டியதாயிற்று. அறிஞர் வகுத்த கணக்கில் பிழை இல்லை. உலையைத் தோற்கடித்தது வீட்டுச் செம்பையும் வாளியையும் அரித்துத் தின்னும் அதே அரிப்புத்தான். அக்கல்லூரி அதனால் மனம் தளர்ந்துவிடவில்லை. பின்னர்ப் பல்கலைக்கழகமாக வளர்ந்து, வேறு உலைகளை அமைத்தது; 1972-இல் அங்கே இயங்கத் தொடங்கிய ஒரு மெகாவாட் உலை இன்றும் பணியாற்றி வருகிறது.

இதற்கிடையே, எளிதில் பேணக்கூடிய வேறோர் அமைப்பு ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகியிருந்தது. 1950-ஆம் ஆண்டு இறுதியில் இயங்கத் தொடங்கிய அவ்வகை உலையை நீச்சல் குள உலை என்றே அழைத்தனர். பெயருக்கு ஏற்ப அது ஒரு குளமே. ஆழமான தொட்டி ஒன்றில் தூய நீரை நிரப்பி, அதன் அடிப்பகுதியில் எரிபொருள் தகடுகளை ஒரு சட்டத்தில் பொருத்தி இறக்கிவிடுவர். அந்நீர் மூன்று வேலைகளைச் செய்கிறது. பிளவுபடும் அணுக்களிலிருந்து பாய்ந்து வரும் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கிறது. அதனால் அவை மேலும் பிளவுகளை உண்டாக்க ஏற்றவை ஆகின்றன. எழும் வெப்பத்தை ஏற்றுக்கொள்கிறது. எரிபொருளுக்கு மேலே ஆறேழு மீட்டர் உயரம் நிற்கும் நீரே கதிர்வீச்சைத் தடுக்கும் சுவராகவும் விளங்குகிறது. ஆகவே குளத்தின் விளிம்பில் நின்று, கீழே இயங்கும் உலையை நாம் கண்ணாலேயே காணலாம். அங்கே நீலநிற ஒளி ஒன்று தவழும். நீரில் ஒளி செல்லும் வேகத்தையும் விஞ்சி மின்னணுக்கள் பாய்வதால் எழும் ஒளி அது. அதை ஆராய்ந்த ருஷ்ய விஞ்ஞானியின் பெயரால் செரன்கோவ் ஒளி என்பர்.

1955-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜினீவா நகரில் அணுசக்தியின் ஆக்கப் பயன்களைப் பற்றிய முதலாவது உலக மாநாடு கூடியது. அதற்குத் தலைமை வகித்தவர் நம் நாட்டின் ஹோமி பாபா. அம்மாநாட்டுக்கென்று அமெரிக்கர் குள உலை ஒன்றை விமானத்தில் கொண்டுவந்து நிறுவி, வந்தோர் யாவரும் காணும்படி இயக்கிக் காட்டினர். மாநாடு நடந்துகொண்டிருந்த அதே மாதத்தில், ஆகஸ்டு 15-ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் குள உலையும் இயங்கத் தொடங்கியது. ஓக் ரிட்ஜில் அனுபவம் பெற்ற வில்லியம் பிரேசீல் அதனை அமைத்தார். அவர் பெயரையே அவ்வுலை இன்று தாங்கி நிற்கிறது. ராலேயின் கரைசல் உலை சில ஆண்டுகளில் ஓய்ந்தது. பென்சில்வேனியாவின் குள உலையோ எழுபது ஆண்டுகளைக் கண்டுவிட்டது. இந்த நெடிய ஆயுளுக்கு அமைப்பு ஒரு பாதிக் காரணம் என்றால், மறுபாதிக் காரணம் பராமரிப்பு. அந்தப் பராமரிப்பு எத்தகையது என்பதை இனி நோக்குவோம்.

ஆராய்ச்சி உலையில் மின்சாரம் உண்டாவதில்லை. அதன் விளைபொருள் நியூட்ரான்கள். அந்நியூட்ரான்களைக் கொண்டு மருத்துவத்துக்கு வேண்டிய கதிரியக்கப் பொருள்களைச் செய்யலாம். மண்ணிலும் கல்லிலும் பழம்பொருள்களிலும் நுண்ணளவில் கலந்துள்ள தனிமங்களைக் கண்டறியலாம். படிகங்களின் உள்ளமைப்பை ஆராயலாம். இவற்றுக்கெல்லாம் உலை நம்பத்தக்கதாய், நேற்று இயங்கியவாறே இன்றும் இயங்க வேண்டும்.

காலையில் பணிக்கு வரும் இயக்குநர் முதலில் செய்வது முந்தைய நாளின் குறிப்பேட்டைப் படிப்பதுதான். இறுதியாக உலை எப்போது நின்றது, எந்தக் கருவி தொல்லை கொடுத்தது, எது பழுது பார்க்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். மையால் எழுதப்பெறும் அவ்வேட்டில் பிழை நேர்ந்தால், அதனைச் சுரண்டி அழித்தல் கூடாது. ஒரு கோடிட்டு, சரியானதை அருகில் எழுதி, கையொப்பமிட வேண்டும். தவறு நேர்ந்தது என்பதும் ஒரு செய்தியே என்பது இதன் கருத்து.

அடுத்து, அச்சிட்ட பட்டியல் ஒன்றைக் கையில் ஏந்திச் சுற்றிவருவார். குளத்தின் நீர்மட்டம் சரியாக உள்ளதா? ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாகத் தூய நீர் சேர்க்க வேண்டும். ஆனால் குறைவு வழக்கத்தைக் காட்டிலும் அதிகமானால், அது ஆவியன்று, கசிவு என்று ஐயுற வேண்டும். நீரின் வெப்பம் எவ்வளவு? நீரின் தூய்மை எப்படி? தூய்மையை மின்கடத்தும் திறனால் அளக்கின்றனர். உப்புகள் கலந்தால் நீர் மின்சாரத்தை மிகுதியாகக் கடத்தும். எரிபொருளை மூடியுள்ள அலுமினியம் அத்தகைய நீரில் அரிக்கப்படும். அதனால் நீரை இடைவிடாது வடிகட்டி, அயனிகளை ஈர்க்கும் பிசின் படுகைகளின் ஊடே செலுத்துகின்றனர். அறையெங்கும் உள்ள கதிர்வீச்சு மானிகள் சரியாக வேலை செய்கின்றனவா என்பதைத் தெரிந்த அளவுடைய ஒரு கதிரியக்கப் பொருளை அருகில் காட்டிச் சோதிக்கின்றனர். மானி சும்மா இருப்பதைக் கண்டு அபாயம் இல்லை என்று முடிவு செய்வது பேதைமை. மானியே இறந்து கிடக்கலாம் அல்லவா?

பின்பு பாதுகாப்புத் தொடர்கள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்படும். ஆற்றல் வரம்பு மீறியதைப் போன்ற பொய்யான சைகை ஒன்றைக் கருவிக்கு ஊட்டுவர். அதைக் கண்டதும் கட்டுப்பாட்டுத் தண்டுகள் தாமே விழ வேண்டும். இத்தண்டுகள் நியூட்ரான்களை விழுங்கும் போரான் அல்லது காட்மியம் போன்ற பொருள்களால் ஆனவை. பெரும்பாலும் மின்காந்தம் ஒன்று தண்டை மேலே பற்றித் தூக்கி நிற்கிறது. மின்சாரம் நின்றால் காந்தம் பிடியை விடும், தண்டு தன் எடையாலேயே கீழே விழும், உலை அவியும். கைவிட்டால் நிற்கும்படி அமைத்திருப்பதே இதன் சிறப்பு. அவ்வாறு விழுவதற்கு ஒரு விநாடி அளவே ஆக வேண்டும். அந்த நேரத்தைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் அளந்து எழுதி வைக்கின்றனர். முன்னிலும் சிறிது தாமதம் கண்டால், தண்டு வளைந்துள்ளதா, வழியில் ஏதேனும் உராய்கிறதா என்று ஆராய்வர்.

இவையெல்லாம் முடிந்த பின்னரே சாவி திருகப்படும். உலையை இயக்குவது அணுவணுவாகத் தண்டுகளை உயர்த்தும் வேலை. ஒரு தண்டைச் சிறிது தூக்கி, நியூட்ரான் எண்ணிக்கை உயர்ந்து நிலைபெறும் வரை காத்திருந்து, பிறகு மேலும் சிறிது தூக்குவர். மனிதன் இவ்வாறு நிதானமாகக் கட்டுப்படுத்த முடிவதற்கு இயற்கை அளித்த ஒரு சலுகை காரணம். அணு பிளக்கும்போது பெரும்பாலான நியூட்ரான்கள் அக்கணமே வெளிவந்துவிடுகின்றன. ஆனால் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பங்கு நியூட்ரான்கள் மட்டும் சில விநாடிகள், சில வேளை ஒரு நிமிடம் கூடத் தாமதித்து வருகின்றன. அந்தத் தாமதப் பங்கைக் கணக்கில் சேர்த்தால்தான் தொடர்வினை நிலைபெறும் என்ற எல்லைக்குள் உலையை இயக்கும் வரையில், அது மனிதனின் கைக்கு அடங்கி நடக்கும். அவ்வெல்லையைத் தாண்டினால், கைக்கும் கண்ணுக்கும் அங்கே வேலையில்லை.

உலை இயங்கும் நேரம் முழுதும், தகுதி பெற்ற ஒருவர் கட்டுப்பாட்டு மேசையை விட்டு அகலாதிருப்பார். அழைத்தால் உடனே வரக்கூடிய தொலைவில் மூத்தவர் ஒருவர் இருப்பார். குறித்த நேரந்தோறும் அளவுகள் குறிப்பேட்டில் ஏறும். குளத்தின் மேல் நடப்போர் சட்டைப்பையில் பேனாவோ நாணயமோ இல்லாதபடி பார்த்துக்கொள்வர். கருவிகளைக் கயிற்றில் பிணைத்தே எடுத்துச் செல்வர். சிறு திருகாணி ஒன்று நீரில் விழுந்து எரிபொருள் தகடுகளின் இடையே சிக்கினால், அங்கே நீரோட்டம் தடைப்படும். ஏழு மீட்டர் ஆழத்திலிருந்து அதை எடுக்க நீண்ட கோல்களோடு மணிக்கணக்காகப் போராட வேண்டிவரும்.

நாள்தோறும் செய்பவை இவை. வாரம், மாதம், ஆண்டு என்னும் முறைகளில் செய்யும் வேலைகள் வேறு உண்டு. எரிபொருள் உறுப்புகளை நீருக்குள்ளேயே ஒவ்வொன்றாகத் தூக்கி, வளைவோ கொப்புளமோ உள்ளதா என்று பார்ப்பர். ஆற்றலைக் காட்டும் மானி பொய் சொல்லுகிறதா என்று சோதிக்கும் முறை ஒன்று நம் வீட்டு அடுப்பறைக் கணக்கை ஒத்தது. குளிர்விக்கும் குழாய்களை அடைத்துவிட்டு, உலையை நிலையான ஆற்றலில் ஓடவிட்டு, குளத்து நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளப்பர். ஒரு லட்சம் லிட்டர் நீரில் 250 கிலோவாட் ஆற்றல் ஒரு மணி நேரம் பாய்ந்தால், வெப்பம் ஏறத்தாழ 2.15 டிகிரி உயர வேண்டும். மானி 250 என்று காட்ட, வெப்பமானி மூன்று டிகிரி உயர்வைக் காட்டினால், பொய்யன் யார் என்பது வெளிப்பட்டுவிடும்.

நேயர்களே, இத்தனை நுணுக்கங்களும் வேண்டுமா, சிறிய உலைக்கு இது மிகையல்லவா என்று சிலர் கருதக்கூடும். அவர்களுக்கு வரலாறு ஒரு துயரமான விடை வைத்திருக்கிறது. அர்ஜென்டைனா நாட்டில், புவனஸ் அயர்ஸ் நகரின் அருகே, ஆர்.ஏ.-2 என்ற சோதனை உலை ஒன்று இருந்தது. பல்கலைக்கழக உலைகளை விடவும் சிறியது அது. அதன் ஆற்றல் ஏறத்தாழச் சூன்யம் எனலாம். எரிபொருளின் அமைப்பை மாற்றி மாற்றிச் சோதிப்பதே அதன் பணி. அவ்வாறு மாற்றும் போதெல்லாம், தொட்டியில் உள்ள நீரை முதலில் வடித்துவிட வேண்டும் என்பது விதி. நீர் இல்லையேல் நியூட்ரான்களின் வேகம் தணியாது; தொடர்வினை எழாது. 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், அனுபவம் மிக்க இயக்குநர் ஒருவர், நீரை வடிக்காமலே எரிபொருளை மாற்றத் தொடங்கினார். உலைக்கூடத்தில் அவர் தனித்திருந்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் தொடர்வினை பொங்கி எழுந்து, கதிர்வீச்சு வெள்ளம் அவர் உடலில் பாய்ந்தது. இரண்டு நாட்களில் அவர் உயிர் நீத்தார்.

அவர் அறியாதவர் அல்லர். பலமுறை அவ்வேலையைச் செய்தவர். தொட்டியை வடித்து மீண்டும் நிரப்புவதற்குச் சிறிது நேரமாகும். அந்த நேரம் அன்று செலவிடப்படவில்லை. பழக்கம் மனிதனுக்குத் திறமையைத் தருகிறது. அதே பழக்கம் அச்சத்தை மழுங்கச் செய்கிறது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மனப்பாடமான வரியைக் கூட வாய்விட்டுப் படித்துக் குறியிடும் வழக்கம், அறியாதவர்க்காக ஏற்பட்டதன்று. நன்கு அறிந்தவர்க்காகவே ஏற்பட்டது.

மனிதப் பிழை நேர்ந்தாலும் உலையே அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற நோக்கத்தோடு எழுந்தது டிரைகா என்னும் உலை வகை. 1956-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சான் டீகோ நகரில், எட்வர்டு டெல்லர், பிரீமன் டைசன் முதலிய விஞ்ஞானிகள் கூடி இதனைத் திட்டமிட்டனர். இதன் எரிபொருளில் யுரேனியத்துடன் சிர்க்கோனியமும் ஹைடிரஜனும் சேர்ந்திருக்கும். எரிபொருள் சூடேறியவுடன், அதனுள் அடங்கிய ஹைடிரஜன் நியூட்ரான்களைத் தணிக்கும் ஆற்றலை இழக்கிறது. உலை தானாகவே தணிந்துவிடுகிறது. 1958-ஆம் ஆண்டு மே மாதம் முதல் டிரைகா இயங்கியது. பின்னர் உலகெங்கும் பல பல்கலைக்கழகங்கள் இதனை ஏற்றன. பென்சில்வேனியா உலையும் 1965-இல் டிரைகா எரிபொருளுக்கு மாற்றப்பெற்றது.

இவற்றுள் குறிப்பிடத்தக்கது ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டு நகரில் உள்ள ரீடு கல்லூரியின் உலை. 1968-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் இயங்கத் தொடங்கிய அந்த 250 கிலோவாட் உலையை இயக்குவோரில் பெரும்பாலோர் பட்டப்படிப்பு மாணவர்களே. பௌதிகம் படிப்போர் மட்டுமன்று. தத்துவமும் இலக்கியமும் பயில்வோரும் அவர்களுள் உண்டு. மாதக்கணக்கில் பயின்று, அரசாங்கத்தின் அணு ஒழுங்காணையம் நடத்தும் எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேறிய பின்னரே அவர்கள் மேசையில் அமர முடியும். பெண்கள் பலர் அங்கே உரிமம் பெற்று உலையை இயக்கி வந்துள்ளனர். இருபது வயது மாணவியிடம் அணு உலையின் சாவியை ஒப்படைக்கலாம் என்ற துணிவு எங்கிருந்து வந்தது? பட்டியலிலும் குறிப்பேட்டிலும் அவள் பெற்ற பயிற்சியிலிருந்தே வந்தது.

ஆயினும் உலையைக் காப்பதற்கு இன்னொன்றும் தேவை. அது சுற்றி வாழும் மக்களின் நம்பிக்கை. நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் தன் வளாகத்திலேயே ஒரு டிரைகா உலையைக் கட்டி முடித்தது. மாணவரும் அண்டை வீட்டாரும் எதிர்த்தனர், வழக்குகள் நடந்தன. முடிவில் எரிபொருள் ஒருநாளும் இடப்படாமலே அவ்வுலை கைவிடப்பட்டது. வேறு பல பல்கலைக்கழகங்களும் செலவைக் கருதியும் மாணவர் குறைவைக் கருதியும் தங்கள் உலைகளை மூடிவிட்டன. இன்று அமெரிக்கக் கல்வி நிலையங்களில் எஞ்சி இயங்குபவை ஏறத்தாழ 25 மட்டுமே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஜினீவா மாநாடு முடிந்து ஓராண்டு நிறைவதற்குள், பம்பாய் நகரை அடுத்த டிராம்பேயில், 1956-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் பிற்பகல் 3-45 மணிக்கு, நம் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. அதுவும் ஒரு குள உலையே. குளத்தின் நீளம் 8.4 மீட்டர், அகலம் 2.9 மீட்டர், ஆழம் 8 மீட்டர். எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. உலையையும் அதன் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் நம்மவரே அமைத்தனர். 1957-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் பிரதமர் நேரு அதனை நாட்டுக்கு அர்ப்பணித்து, ‘அப்ஸரா’ என்று பெயரிட்டார். பாற்கடலிலிருந்து எழுந்தவர்கள் என்று புராணம் கூறும் தேவமாதரின் பெயர், நீருக்குள் நீல ஒளி வீசும் உலைக்கு எவ்வளவு பொருத்தம்!

அமெரிக்காவில் பல்கலைக்கழக உலைகள் செய்த பணியை நம் நாட்டில் அப்ஸரா செய்தது. அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி 1957-இல் டிராம்பேயில் தொடங்கிற்று. நாடெங்கும் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த இளைஞர்கள் அங்கே கற்றனர். தண்டை எவ்வளவு உயர்த்தலாம், எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதைப் பின்னாளில் பெரிய உலைகளை நடத்தியவர்கள் பலர் அப்ஸராவின் மேசையில்தான் அறிந்துகொண்டனர். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்த பின் 2009-ஆம் ஆண்டு அது நிறுத்தப்பட்டது. அதே இடத்தில், குறைந்த செறிவுள்ள யுரேனியத்தால் இயங்கும் 2 மெகாவாட் உலை, அதே பெயரைத் தாங்கி, 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் உயிர்பெற்றது.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு டிராம்பே அயலூரன்று. தமிழ்நாட்டிலோ, கல்பாக்கத்தில் காமினி என்ற சிறு உலை 1996-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இயங்கத் தொடங்கியது. 30 கிலோவாட் ஆற்றலே உடையது. ஆனால் தோரியத்திலிருந்து பெறும் யுரேனியம்-233 என்ற எரிபொருளால் இயங்குவது. அதன் நியூட்ரான் கற்றைகளைக் கொண்டு, எக்ஸ் கதிர் காட்டாத உட்பகுதிகளையும் படம் பிடிக்கின்றனர். விண்கலங்களில் பயன்படும் சிறு வெடிக்கருவிகள் குறையின்றி உள்ளனவா என்று சோதிக்கின்றனர். விண்ணில் ஏறும் கலத்தின் வெற்றிக்குப் பின்னே, கல்பாக்கத்தின் கடலோரத்தில் தொட்டி நீரின் தூய்மையை அன்று காலை அளந்து எழுதிய ஒருவரின் கையும் இருக்கிறது.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்களில் பலர் ரயில்வேப் பட்டறைகளிலும், ஆலைகளிலும், மின்நிலையங்களிலும், மருத்துவமனைகளிலும், அலுவலகங்களிலும் பணிபுரிகின்றனர். ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்தவர் என்ற பெயர் அவர்களில் மிகச் சிலருக்கே கிடைக்கும். இருப்பதைப் பழுதுறாமல் ஓடவைத்தவர்கள் எண்ணற்றோர். இரவு ஷிப்டில் எண்ணெய் மட்டத்தைப் பார்த்து ஏட்டில் குறித்துவிட்டு வீடு திரும்புகிறவருக்கு, தம் வேலை சிறியது என்ற சோர்வு சில வேளைகளில் தோன்றலாம். ராலேயின் அரிக்கப்பட்ட கலத்தையும், வடிக்கப்படாத அந்த அர்ஜென்டைனத் தொட்டியையும் அவர் நினைவுகூர்வாராக. எழுபது ஆண்டுகளாக நிற்காத பென்சில்வேனியாவின் குளத்தையும் கூடவே எண்ணிப் பார்ப்பாராக.

சிக்காகோவில் கோடரியுடன் நின்ற ஹில்பெரிக்கு அன்று கயிற்றை வெட்டும் தேவை ஏற்படவே இல்லை. அன்றைய பணியை முடித்து அவர் கோடரியைக் கீழே வைத்தார். உலையைக் காப்பவரின் வேலைக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பரிசு அதுவே: ஏட்டில் எழுதுவதற்கு ஒன்றும் நேராமல், ‘வழக்கம் போல்’ என்று எழுதிக் கையொப்பமிட்டு, அடுத்தவரிடம் சாவியை ஒப்படைத்துச் செல்லும் ஒரு மாலைப் பொழுது.